ஒரு பீர் ஆலையும் ஒரு கதையும்

டாலெஷிட்சே என்ற ஊர்ப் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை. சில வருஷங்களுக்கு முன்பு வரை நானும் கேள்விப்பட்டதில்லை. செக் நாட்டில், மொராவியா பிரதேசத்தில், ட்ரெபீச் என்ற நகரத்துக்குச் சமீபத்தில் இருக்கும் சின்னக் கிராமம் அது. ஜனத்தொகை 600 பேர் அளவில்தான் இருக்கும். ஒரு தேவாலயம், ஒரு பழைய பிரபு மாளிகை, ஒரு பீர் ஆலை. ஊரில் பெரிதாகச் சொல்லிக்கொள்ள இவ்வளவுதான்.

அந்த ஊருக்கும் எனக்கும் சம்பந்தம் ஏற்பட்டது ஒரு சினிமாவினால். ஒரு பிலிம் சொசைட்டியில் பழைய செக் படம் ஒன்று போட்டார்கள். கதாநாயகி ஓர் இளம் மனைவி. இடுப்புக்குக் கீழே புரளும் பொன்னிறக் கூந்தல். அதைக் காற்றில் பறக்க விட்டுக்கொண்டு அவள் சைக்கிளில் போனால் ஊரே வேலையை விட்டுவிட்டு நின்று பார்க்கிறது. இன்னொரு நாள், புருஷனுடைய அண்ணனையும் கூட்டிக்கொண்டு பீர் ஆலையின் புகைபோக்கி மேல் ஏறி, உச்சியில் உட்கார்ந்துகொள்கிறாள். கீழே தீயணைப்புப் படை கூடிவிடுகிறது. புருஷனுக்கு உயிர் போய் உயிர் வருகிறது. அவளுக்கோ வானமும் காற்றும் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை.

படம் முடிந்து வெளியே வந்த பிறகு எனக்கு அந்தக் கூந்தலைவிட அந்த ஆலைதான் மனசில் நின்றது. தேய்ந்த கல் பாவிய முற்றம், பீப்பாய் உருளும் ஓசை, புகை படிந்த சுவர்கள் எல்லாம் ஸ்டுடியோவில் அட்டையில் செய்தவையாகத் தோன்றவில்லை. அந்த இடம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். தேடப் போன இடத்தில் நான் எதிர்பாராத ஒரு விஷயம் அகப்பட்டது. படம் எடுத்தபோது அந்த ஆலையில் பீர் காய்ச்சுவதே நின்று போயிருந்ததாம். செத்துப்போன ஆலை ஒன்று சினிமாவுக்காக உயிரோடு இருப்பது போல் நடித்திருக்கிறது!

மதுவைப் பற்றிப் பேச வந்துவிட்டானே என்று சிலர் முகம் சுளிக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. பிறருக்குச் சிபாரிசு செய்யும் எண்ணமும் இல்லை. ஆனால் சரித்திரம் என்பது கிரீடங்களிலும் கோட்டைகளிலும் மட்டும் இருப்பதல்ல. சில தேசங்களில் அது பீப்பாய்க்குள்ளும் இருக்கிறது.

ஒரு சின்னக் கிராமத்தில் அவ்வளவு பெரிய ஆலை எப்படி வந்தது? அங்கேயிருந்து ஆரம்பிக்கிறேன்.

மத்திய காலத்தில் செக் தேசங்களில் பீர் காய்ச்சுவது எல்லாரும் செய்யக்கூடிய தொழில் அல்ல. அது ஓர் உரிமை. ராஜா கொடுத்த சாஸனத்தின்படி நகரத்துப் பிரஜைகள் அந்த உரிமையை அனுபவித்தார்கள். நகரத்துக்கு ஒரு மைல் சுற்றளவுக்குள் வேறு எவனும் பீர் காய்ச்சி விற்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. மைல் என்றால் நம் மைல் அல்ல. அந்தக் காலத்துச் செக் மைல் அதைப்போலப் பல மடங்கு நீளம். இந்த ஏற்பாடு பிரபுக்களுக்குப் பிடிக்கவில்லை. நிலம் அவர்களுடையது, தானியம் அவர்களுடையது, லாபம் மட்டும் நகரத்து வியாபாரிக்கா? பொஹீமியாவில் இந்தத் தகராறு பல வருஷங்கள் நடந்து, 1517-ஆம் வருஷம் ஓர் உடன்படிக்கையில் முடிந்தது. பிரபுக்களும் பீர் காய்ச்சலாம் என்று ஏற்பட்டது. அதற்குப் பிறகு பிரபு மாளிகை இருந்த இடங்களில் எல்லாம் பக்கத்திலேயே ஒரு பீர் ஆலையும் முளைத்தது.

மொராவியாவிலும் பிரபுக்கள் இதே வழியில்தான் போனார்கள். டாலெஷிட்சேயில் பீர் ஆலை இருந்ததற்கு முதல் சான்று 1609-ஆம் வருஷத்தியது. அக்பர் காலமாகி நாலு வருஷந்தான் ஆகியிருந்தது என்று சொன்னால் நமக்குக் காலம் புரியும்.

இதைக் கேட்டு, கிராமத்துக் குடியானவர்கள் சந்தோஷமாகக் குடித்துக் கூத்தாடினார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். பிரபு காய்ச்சும் பீரைத்தான் அவருடைய குடிகள் வாங்க வேண்டும். வேறு ஊர்ச் சரக்கை வாங்கினால் தண்டனை. பிரபுவின் நிலத்தில் உழைத்து, பிரபுவின் வாற்கோதுமையை அறுத்து, கூலியைப் பிரபுவின் சாவடியிலேயே கொட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். பண்ணையடிமை முறை 1781-இல் ஜோஸப் சக்கரவர்த்தியின் ஆணையால் தளர்ந்தது. கட்டாய உழைப்பு 1848-இல் ஒழிந்தது. பீர் காய்ச்சும் ஏகபோக உரிமை 1869-இல்தான் முற்றும் ரத்தாயிற்று. கடைசியாகப் போனது எது என்று பாருங்கள்! மனிதனைக் கட்டி வைப்பதைக்கூட விட்டுவிட்டார்கள். பீர் வியாபாரத்தை விட அவர்களுக்கு மனம் வரவில்லை.

தொழில் என்ற முறையில் பார்த்தால் அது லேசான தொழில் அல்ல. வாற்கோதுமையை இரண்டு மூன்று நாள் தண்ணீரில் ஊற வைப்பார்கள். பிறகு கல்தரையில் பரப்பி முளை கட்ட விடுவார்கள். முளை சிக்கிக்கொள்ளாமலும் சூடேறிக் கெடாமலும் இருக்க, ஒரு வாரம் ராப்பகலாக மரத் துடுப்பால் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தக்க சமயத்தில் சூளையில் உலர்த்தினால் முளை நின்றுவிடும். தானியத்துக்குள் இனிப்பாக மாறக்கூடிய சத்து தங்கிவிடும். இதுதான் மால்ட். மால்ட்டை உடைத்து வெந்நீரில் கலக்குவார்கள். அதில் ஒரு பங்கைத் தனியே எடுத்துக் கொதிக்க வைத்து மறுபடி ஊற்றுவார்கள். இப்படி ஒரு தடவை, இரண்டு தடவை செய்து சூட்டைப் படிப்படியாக உயர்த்தினால் மாவுச்சத்து சர்க்கரையாகிறது. வடிகட்டிய சாற்றில் ஹாப்ஸ் என்ற கொடியின் பூங்காயைப் போட்டுக் காய்ச்சினால் கசப்பும் மணமும் ஏறும். இந்தக் கொடிக்குப் பேர் போன இடம் பொஹீமியாவில் உள்ள ஜாடெட்ஸ் என்ற ஊர். ஆற வைத்து நொதியைச் சேர்த்து, நிலவறையில் குளிர்ச்சியாக வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

குளிர்ச்சிக்கு என்ன செய்தார்கள்? மெஷின்கள் வருவதற்கு முன்னால் ஜனவரி மாதத்தில் குளங்கள் உறைந்திருக்கும்போது பனிக்கட்டியை ரம்பத்தால் அறுத்து வண்டி வண்டியாகக் கொண்டுவந்து நிலவறையில் அடுக்கினார்கள். குளிர்காலம் சரியாகக் குளிராவிட்டால் கோடைகாலத்துப் பீர் கெட்டுப் போகும். விவசாயி மழையைப் பார்ப்பது போல, பீர் ஆலைக்காரன் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்தத் தொழிலைச் சாஸ்திரமாக்கியவர்களில் ஒருவர் பௌப்யே என்ற மனிதர். 1753-இல் பிறந்து 1805-இல் இறந்தார். டாலெஷிட்சேக்குக் கிழக்கே உள்ள பிர்னோ நகரத்தில்தான் கடைசிக் காலத்தில் வேலை பார்த்தார். அதற்கு முன்னெல்லாம் பழைய மேஸ்திரிகள் விரலை விட்டுச் சூடு பார்ப்பார்கள். தொழில் ரகசியம் என்று மந்திரம் போலப் பாதுகாப்பார்கள். பௌப்யே தெர்மாமீட்டரைக் கொண்டுவந்தார். சாற்றின் கனத்தை அளக்கக் கருவி செய்தார். தெரிந்ததை ஒளிக்காமல் புஸ்தகமாக எழுதினார். பையன்களுக்குப் பள்ளிக்கூடமும் வைத்தார். மற்ற மேஸ்திரிகள் அவரை வெறுத்தார்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

இப்படி நூற்றாண்டுக்கணக்காக நடந்து வந்த கிராமத்து ஆலைகளுக்குக் காலன் வந்தது இருபதாம் நூற்றாண்டில். இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் 1945-இல் பெரிய ஆலைகளைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. 1948 பிப்ரவரியில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைக் கைப்பற்றிய பிறகு மிச்சமிருந்தவையும் தேசவுடைமை ஆயின. பெரிய ஆலைகளில் ஏராளமாகக் காய்ச்சினால் செலவு குறையும், சின்ன ஆலைகள் வீண் பாரம் என்று திட்டம் போட்டவர்கள் முடிவு கட்டினார்கள். கணக்கு என்னவோ சரிதான். ஆனால் ஒவ்வொன்றாகக் கிராமத்துப் புகைபோக்கிகள் அணைந்தன. 1989-இல் எண்ணிப் பார்த்தபோது அந்தப் பிரதேசம் முழுவதிலும் சுமார் 70 பீர் ஆலைகள்தான் மிச்சம்.

டாலெஷிட்சேயில் 1977-இல் கடையைக் கட்டினார்கள். ஊரைச் சர்க்கார் மறந்துவிட்டதென்று சொல்ல முடியாது. பக்கத்தில் ஓடும் யிஹ்லாவா நதியில் 1970 முதல் 1978 வரை 100 மீட்டர் உயரத்துக்கு ஓர் அணை கட்டினார்கள். அதை ஒட்டி டுகோவானியில் அணு மின் நிலையம் எழுந்தது; 1985-இல் அதன் முதல் உலை ஓடத் தொடங்கியது. மலையளவு கான்க்ரீட்டும் கல்லும் கொண்டுவந்து கொட்டிய காலத்தில், முன்னூற்றுச் சொச்சம் வருஷத்து ஆலை ஒன்று கேட்பாரில்லாமல் பூட்டிக் கிடந்தது. கூரை ஒழுகினால் பார்க்க ஆள் இல்லை.

இந்த இடத்தில்தான் கதை எழுதுகிற ஒருவர் குறுக்கிடுகிறார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் டாலெஷிட்சேயை விட்டு வேறு இரண்டு பீர் ஆலைகளுக்குப் போய்த் திரும்ப வேண்டும்.

பொகுமில் ஹ்ராபால் 1914-இல் பிர்னோ நகரத்தில் பிறந்தார். தாய்க்குக் கல்யாணம் ஆகவில்லை. தகப்பன் பெயர் இல்லாத குழந்தை. போல்னா என்ற சிற்றூரின் பீர் ஆலையில் தாய் வேலை பார்த்தபோது, அங்கே கணக்கராக இருந்தவர் அவளை மணந்து, குழந்தைக்கும் தம் பெயரைக் கொடுத்தார். 1919-இல் அவர் நிம்புர்க் என்ற ஊரின் பீர் ஆலைக்கு மானேஜராகப் போனார். பையன் அந்த ஆலைக்குள்ளேயே வளர்ந்தான். மானேஜரின் அண்ணன் பெப்பின் என்பவர் இரண்டு வாரம் தங்கிப் போவதாக வந்தார். கடைசி மட்டும் போகவே இல்லை. பெரிய குரல், வாய் ஓயாத கதை. பையனுக்குப் பள்ளிக்கூடத்துப் பாடத்தைவிடப் பெரியப்பாவின் பேச்சுத்தான் பாடமாயிற்று.

ஹ்ராபால் வக்கீல் படிப்புப் படித்துப் பட்டம் பெற்றார். ஆனால் பிழைப்பு என்னவோ இரும்பு ஆலையிலும், பழைய காகிதத்தை அழுத்திக் கட்டும் கிடங்கிலும்தான். முதல் கதைத் தொகுதி வெளியானபோது அவருக்கு வயது 49. அதற்குப் பிறகு புகழ் வெள்ளமாக வந்தது. அவருடைய கதையை யிரி மென்சல் என்ற இளம் டைரக்டர் படமாக்கினார். 1968-இல் அது ஆஸ்கர் பரிசும் பெற்றது.

அதே 1968 ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் பிராகாவுக்குள் நுழைந்தன. அதன் பிறகு யார் எழுதலாம், யார் எழுதக் கூடாது என்று ஜாபிதா போட்டார்கள். எழுதக் கூடாதவர் பட்டியலில் ஹ்ராபாலும் சேர்ந்தார். 1970-இல் அச்சாகித் தயாராக இருந்த அவருடைய இரண்டு புஸ்தகங்களைக் கூழாக்கிவிட்டார்கள். தன் கையால் எத்தனையோ பேருடைய புஸ்தகங்களைக் கழிவுக் காகிதமாகக் கட்டிய மனிதருக்கு இப்படி ஒரு விதி! இந்த மாதிரிச் சம்பவத்தைக் கதையில் எழுதினால் செயற்கையாக இருக்கிறது என்று விமர்சகர் சொல்வார்.

அந்த அஞ்ஞாதவாச காலத்தில்தான் அவர் தம் குழந்தைப் பருவத்து ஆலைக்கு மனசால் திரும்பிப் போனார். ஒரு சிறு நாவல் எழுதினார். தாமே கதை சொல்லாமல், தம் தாயைச் சொல்ல விட்டார். மரிஷ்கா என்ற அந்த இளம் பெண் மாலை நேரத்தில் விளக்குக் கண்ணாடிகளைத் துடைப்பதில் காணும் ஆனந்தம், பன்றி அடித்த நாளின் அமளி, எந்நேரமும் மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போடும் புருஷன் பிரான்சின், கூச்சல் போடும் பெப்பின், புகைபோக்கிச் சாகஸம் எல்லாம் அதில் இருக்கின்றன. ஊருக்கு ரேடியோ வருகிறது. தூரம் குறைந்துவிட்டது என்று எல்லாரும் அதிசயிக்கிறார்கள். அப்படியானால் எல்லாவற்றையும் குறைத்துவிட வேண்டியதுதானே என்று மரிஷ்கா மேஜை நாற்காலிகளின் காலை வெட்டுகிறாள், பாவாடையைக் குட்டையாக்குகிறாள், நாயின் வாலைக்கூட விடவில்லை. கடைசியில் ஊரே பெருமைப்பட்ட தன் கூந்தலையும் கத்தரித்துவிட்டு வந்து நிற்கிறாள்.

புஸ்தகத்தின் பெயர் 'போஸ்ட்ரிஷினி'. பழைய காலத்தில் ஸ்லாவியர் சிறுவர்களுக்கு முதல் முடி எடுக்கும் சடங்குக்கு அந்தப் பெயர். நம் வீடுகளில் குழந்தைக்கு முடி இறக்குவது போலத்தான். ஒரு பருவம் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதற்கு அடையாளம். வெட்டுண்டது ஒரு பெண்ணின் கூந்தல் மட்டுமல்ல, ஒரு காலமே என்று படிப்பவர்களுக்குத் தெரிகிறது.

முதலில் நாவல் தட்டச்சுப் பிரதிகளாகக் கைக்குக் கை இரகசியமாகப் போயிற்று. அச்சில் வந்தது 1976-இல். தடை செய்யப்பட்டவருடைய புஸ்தகம் எப்படி அச்சேறிற்று?

இங்கேதான் தொண்டையில் முள் சிக்குகிறது. 1975-இல் ஹ்ராபால் ஒரு கட்சிப் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். தாம் இந்த சோஷலிஸ சமுதாயத்தோடு சேர்ந்தவர்தான் என்ற மாதிரியாக அதில் வார்த்தைகள் இருந்தன. அதிகாரிகளுக்கு அது போதும். கதவு ஒருக்களித்துத் திறந்தது. தணிக்கைக்கு உட்பட்டு அவருடைய புஸ்தகங்கள் வெளிவர ஆரம்பித்தன. ஆனால் அவரைத் தெய்வமாக நினைத்திருந்த இளைஞர்களுக்கு நெஞ்சு வெடித்துவிட்டது. பிராகாவில் கம்பா என்ற இடத்தில் சிலர் கூடி அவருடைய புஸ்தகங்களைக் கொளுத்தினார்கள். சர்க்கார் கூழாக்கியது, அன்பர்கள் கொளுத்தினார்கள்.

இதற்கு நேர் எதிரான மனிதர் ஒருவரும் அதே சமயத்தில் இருந்தார். நாடகாசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவெல். அவருக்கும் தடை. 1974-இல் ட்ருட்னோவ் என்ற ஊரின் பீர் ஆலையில் பீப்பாய் உருட்டும் கூலியாகச் சேர்ந்தார். மறு வருஷம் அந்த அனுபவத்தை வைத்து ஒரு சின்ன நாடகம் எழுதினார். மேடையில் இரண்டே பேர்: பீப்பாய் உருட்டும் எழுத்தாளர், ஆலையின் தலைமை மேஸ்திரி. மேஸ்திரி நல்ல மனுஷன்தான். குவளை குவளையாகக் குடித்துக்கொண்டே ஒரு யோசனை சொல்கிறான். எழுத்தாளரைப் பற்றி வாராவாரம் போலீஸுக்கு அறிக்கை கொடுக்கும்படி அவனுக்கு உத்தரவு. அவனுக்கோ எழுத வரவில்லை. 'நீதான் எழுத்தாளன் ஆயிற்றே, உன்னைப் பற்றி நீயே எழுதிக் கொடுத்துவிடேன். எனக்கும் உபகாரமாக இருக்கும், உனக்கும் ஆபீஸில் உட்கார்ந்து பார்க்கிற வேலை தருகிறேன்' என்பது யோசனை. சிரிப்பு வருகிற இடம். ஆனால் அந்த எழுத்தாளர் மறுத்துவிடுகிறார்.

ஹாவெலும் மறுத்தார். மனித உரிமைக்காக 1977 ஜனவரியில் வெளியான சாஸனத்தில் முன்னணியில் நின்று கையெழுத்துப் போட்டார். 1979 முதல் 1983 வரை சிறையில் கிடந்தார். 1989 டிசம்பரில் அதே மனிதர் ஜனாதிபதியானார். இது எல்லாருக்கும் தெரிந்த கதை.

டாலெஷிட்சே ஆலையைப் பூட்டியதும் அந்த 1977-ஆம் வருஷத்தில்தான். மூன்று வருஷம் கழித்து, 1980-இல், யாரோ வந்து அதன் கதவைத் தட்டினார்கள். டைரக்டர் மென்சல் தம் கோஷ்டியோடு வந்திருந்தார். 'போஸ்ட்ரிஷினி'யைப் படமாக்கப் போகிறார். கதை நடந்த நிம்புர்க் ஆலை அப்போதும் வேலை செய்துகொண்டிருந்த ஆலை. அவருக்கு வேண்டியதோ இந்த நூற்றாண்டு தீண்டாத ஓர் இடம். டாலெஷிட்சேயில் அது அப்படியே காத்திருந்தது.

மென்சலும் சும்மா வந்தவர் அல்ல. ஹ்ராபாலின் கதைகளை வைத்து 1969-இல் அவர் எடுத்த படம் ஒன்றைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். சில வருஷம் அவருக்குப் படமே கொடுக்கவில்லை. 1974-இல் பிராயச்சித்தம் போல ஓர் அணைக்கட்டுத் தொழிலாளர் கதையை எடுத்துக் கொடுத்த பிறகே வழி விட்டார்கள். அந்த அணை எது என்று நினைக்கிறீர்கள்? டாலெஷிட்சே அணைதான். தலை குனிந்து ஒரு படம் எடுத்த அதே ஊருக்கு, தலை நிமிர்ந்து ஒரு படம் எடுக்க அவர் திரும்பி வந்தார்.

படம் 1981-இல் வெளியாயிற்று. ஜனங்கள் கொண்டாடினார்கள். மரிஷ்காவாக நடித்த மக்டா வாஷாரியோவா பிற்காலத்தில், புதிய சர்க்காரின் ஸ்தானிகராக வியன்னாவுக்குப் போனார். பெட்டிக்குள் கிடந்த 1969-ஆம் வருஷத்துப் படமும் 1990-இல் வெளிச்சத்துக்கு வந்து பெர்லினில் தங்கக் கரடிப் பரிசு வாங்கியது.

ஆனால் கோஷ்டி போன பிறகு டாலெஷிட்சே மறுபடியும் இருட்டாகிவிட்டது. சினிமாவில் புகைந்த ஆலை நிஜத்தில் புகையவில்லை. 1989 நவம்பரில் ஆட்சி கவிழ்ந்து, பழைய கட்டடங்கள் தனியார் கைக்கு மாறத் தொடங்கிய பிறகுதான் விடிவு வந்தது. சுவர்களைச் செப்பனிட்டார்கள், கொப்பரைகளை வைத்தார்கள், 2002-இல் மீண்டும் பீர் காய்ச்ச ஆரம்பித்தார்கள். ஆலைக்குள்ளேயே பழைய ஆஸ்திரிய-ஹங்கேரிய காலத்துத் தொழிலைக் காட்டும் மியூஸியம் ஒன்றும் வைத்திருக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். 1609-ஐயோ பிரபுக்களையோ தேடி வருபவர்கள் குறைவு. பலருக்கும் அது 'போஸ்ட்ரிஷினி எடுத்த ஆலை', மரிஷ்காவின் ஆலை. அதே காலத்தில் செக் நாட்டில் மூடின நூற்றுக்கணக்கான ஆலைகளுக்கு இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. படம் ஒரு செங்கல்லையும் எடுத்து வைக்கவில்லைதான். ஆனால் செங்கல் வைக்க வருகிறவனுக்கு, இந்த இடம் வைக்கத் தகுந்த இடம் என்று முதலில் யாராவது சொல்ல வேண்டும் அல்லவா? அதைக் கதை சொல்லிவிட்டது.

இனி, முள்ளைப் பற்றிப் பேசலாம்.

ஹ்ராபால் அந்தப் பேட்டியைக் கொடுக்காமல் இருந்திருந்தால் அவர் பெயரில் மாசு இருந்திராது. ஆனால் நாவல் தட்டச்சுப் பிரதியாகவே நின்றிருக்கும். சர்க்கார் ஸ்டுடியோவில் அது படமாகியிருக்க வழியில்லை. டாலெஷிட்சேயில் ஒருவரும் காமிராவை வைத்திருக்க மாட்டார்கள். ஆகையால் அவர் வளைந்தது நல்லதற்குத்தான் என்று சொல்லிவிடலாமா?

எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. நல்ல பலன் கிடைத்துவிட்டதால் வளைந்த முதுகு நிமிர்ந்ததாகிவிடாது. கம்பாவில் புஸ்தகத்தைக் கொளுத்திய இளைஞர்களின் வேதனையும் பொய்யல்ல. அவர்களில் எத்தனையோ பேர் ஒரு வரி வளையாமல் சிறைக்குப் போனார்கள்.

அதே சமயம், ஹ்ராபாலின் மேல் கல்லெறியவும் என் கை எழவில்லை. காரணம் சொல்கிறேன். ஒரு சமயம் என் தொடர்கதை ஒன்றின் முடிவைப் பத்திரிகாசிரியர் ஒருவர் மாற்றச் சொன்னார். கதாநாயகி புருஷன் வீட்டுக்குத் திரும்பாமல் இருந்தால் வாசகர்கள் வருத்தப்படுவார்களாம். என் வாசல் திண்ணையில் போலீஸ் இல்லை. என் புஸ்தகத்தைக் கூழாக்கப் போவதாக யாரும் மிரட்டவில்லை. அடுத்த தொடருக்கு இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்ற சிறு பயம்தான். ஒரே ராத்திரியில் அவளைத் திருப்பி அனுப்பிவிட்டேன். இன்றும் அந்தப் புஸ்தகத்தின் கடைசி அத்தியாயத்தை நான் திறப்பதில்லை. அவ்வளவு அற்பக் காரணத்துக்காக வளைந்தவன், அவ்வளவு பெரிய பாரத்தின் கீழ் வளைந்தவரை எப்படி விசாரிப்பது?

ஒரு வித்தியாசம் மட்டும் எனக்குத் தெரிகிறது. நான் வளைந்தபோது கதையையும் கூட வளைத்துவிட்டேன். ஹ்ராபால் பேட்டியில் வளைந்தார். புகைபோக்கியின் உச்சியில் உட்கார்ந்திருந்த மரிஷ்காவைக் கீழே இறக்கவில்லை. அவள் கடைசி மட்டும் யாருக்கும் கட்டுப்படாத பெண்ணாகவே இருந்தாள். அந்தச் சுதந்திரத்தைத்தான் செக் ஜனங்கள் 1981-இல் திரையில் கண்டார்கள் என்று நினைக்கிறேன். தங்களுக்குக் கிடைக்காதது ஒரு பீர் ஆலை மானேஜரின் மனைவிக்குக் கிடைத்திருந்தது.

ஹாவெலும் ஹ்ராபாலும் பிற்காலத்தில் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். 1994 ஜனவரியில் அமெரிக்க ஜனாதிபதி கிளிண்டன் பிராகா வந்தபோது, ஹாவெல் அவரைத் 'தங்கப் புலி' என்ற பழைய பீர்க்கடைக்கு அழைத்துப் போனார். ஹ்ராபால் வழக்கமாக உட்காரும் கடை அது. வளையாத எழுத்தாளர் ஜனாதிபதியாக இருந்தார். வளைந்த எழுத்தாளர் தம் இடத்தில் குவளையோடு இருந்தார். ஹாவெல் அவரை விசாரிக்கப் போகவில்லை. விருந்தாளியைக் காட்டப் போனார்.

1997 பிப்ரவரியில், ஆஸ்பத்திரியின் ஐந்தாவது மாடி ஜன்னலில் புறாக்களுக்குத் தீனி போடும்போது ஹ்ராபால் விழுந்து இறந்தார். நிம்புர்க் ஆலைச் சுவரில் அவருக்கு ஒரு நினைவுக் கல் இருக்கிறது. உயரத்தில் வைக்காதீர்கள், நாய் காலைத் தூக்கும் உயரத்தில் வையுங்கள் என்று கேட்டுக்கொண்டாராம், அப்படியே பதித்திருக்கிறார்கள். தம்மைப் பற்றி அவர் வழங்கிக்கொண்ட தீர்ப்பு அது என்று வைத்துக்கொண்டால், வேறு தீர்ப்புக்கு அவசியம் இல்லை. அதே நிம்புர்க் ஆலை தன் பீருக்கே இன்று அந்த நாவலின் பெயரைச் சூட்டி விற்கிறது.

அவருடைய விருப்பப்படி அவரை ஓக் மரப் பெட்டியில் வைத்து அடக்கம் செய்தார்கள். பெட்டியின் மேல் 'போல்னா பீர் ஆலை' என்று எழுதியிருந்தது. தகப்பன் பெயர் இல்லாமல் வந்த குழந்தைக்கு ஒரு பெயரும் ஒரு வீடும் கிடைத்த இடம் அது. ஒரு கணக்கர் அங்கே செய்த உபகாரத்துக்குக் கடன் தீர்ப்பது போல, பிள்ளை வேறொரு கிராமத்து ஆலைக்கு உயிர் கொடுத்துவிட்டுப் போனான். டாலெஷிட்சேக்காரர்கள் இந்தக் கணக்கை எழுதி வைத்திருக்க மாட்டார்கள். ஆனால் அங்கே ஒவ்வொரு தடவையும் கொப்பரை கொதிக்கும்போது அதில் கொஞ்சம் வரவு வைக்கப்படுகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.